வடகரைநல்லூர் பியூக்கும் குற்றாலிங்கத்தின் சுவரும்

இக்கதையை 1983ஆம் ஆண்டு சித்திரை மாதம், தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள வடகரைநல்லூரில், ஓய்வுபெற்ற தபால்காரர் மாடக்கண்ணு சொல்லக் கேட்டேன். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. கதையில் வரும் தபால்களை எல்லாம் தம் தோளில் சுமந்தவர் என்பதால், கிடைத்த நான்கு பாடங்களில் அவருடையதையே மூலபாடமாகக் கொண்டேன். இரண்டு பிற்பகல்கள் சொன்னார். முதல் நாள் சொன்னதில் மறுநாள் ஒரே ஒரு திருத்தம் செய்தார்: பூசணிக்காய் ஒன்றன்று, இரண்டு.

வடகரைநல்லூரில் ஏலமும் மிளகும் வாங்கி விற்றுவந்த திருமலைக்கொழுந்து பிள்ளை, 1938ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மதராஸ் ஏஜெண்டு மூலம் அமெரிக்காவிலிருந்து எட்டுச் சிலிண்டர் பியூக் கார் ஒன்றைத் தருவித்தார். கறுப்பு நிறம், ஏறி நிற்க இரு பக்கமும் பலகை, பதினாறே முக்கால் அடி நீளம். மலைப்பாதைப் பள்ளங்களில் அது ஏறி இறங்கும்போது உள்ளே இருப்பவரின் வெற்றிலைச் செல்லத்தில் பாக்குகூட இடம் மாறாது என்று சொல்லப்பட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வில்வண்டியோ மொட்டைவண்டியோ, வீட்டுக்கு எந்தப் புது வண்டி வந்தாலும், வீட்டுக்காரியின் உடன்பிறந்தான் முதலில் முன்னிருக்கையில் ஏற வேண்டும். அவன் ஏறிய பிறகே மற்றவர்கள் ஏறுவார்கள். பிள்ளையின் மனைவி உண்ணாமலைக்கு ஒரே தம்பி, குற்றாலிங்கம். அடுத்த வீடுதான், இரண்டு வீட்டுக்கும் பின்முற்றம் பொது. வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த அவர், அன்று கடையைச் சாத்திவிட்டு, கரை வேட்டி கட்டி, முற்றத்துப் புன்னைமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்த வண்டியின் அருகில் காலை முதல் காத்திருந்தார். பிள்ளையோ, கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த தாசில்தாரை முன்னிருக்கையில் ஏற்றினார், பின்னிருக்கையில் தாசில்தாரின் ஆட்களை ஏற்றினார், மைத்துனரின் கைகளில் ஆளுக்கொன்றாக அல்ல, கைக்கொன்றாக இரண்டு பூசணிக்காய்களைக் கொடுத்து, கோயில் வாசலில் உடைக்கப் பின்னாலேயே நடந்து வரச் சொன்னார். குற்றாலிங்கம் வண்டி கிளப்பிய புழுதியில் கோயில்வரை நடந்தார். இரண்டையும் முறைப்படி உடைத்தார். வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்துக்குள், பொதுமுற்றத்தின் நடுவே ஒன்பதடி உயரச் சுவர் எழுப்பினார். புன்னைமரம் அவர் பக்கம் போயிற்று. பிள்ளை தம் பக்கத்தில், முன்புறம் தேர்வீதியும் பின்புறம் சுவரும் எல்லையாக, வண்டிக்கு ஷெட் கட்டிக்கொண்டார். பேச்சு நின்றது. கணவன் பேசாத வீட்டோடு உண்ணாமலையும் பேசுவதற்கில்லை.

அவ்வாண்டு ஆயுத பூஜைக்குத் தராசும் மரக்காலும் பூஜையறைக்கு வந்துவிட்டன. வண்டியை உள்ளே கொண்டுவர இயலாது. சாவியை வைக்கலாம் என்றார் டிரைவர் மாசானம். சாவி பூட்டுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று என்றார் உண்ணாமலை. அந்த வாரம்தான் மாடக்கண்ணு ஒரு தபாலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்; கம்பெனி வெளியிடவிருந்த அடுத்த ஆண்டு வண்டியின் வண்ணப்படங்கள் நிறைந்த கேட்லாக். உண்ணாமலை அதைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்துச் சந்தனம் இட்டார். உலகத்தார் தம்மிடம் இருப்பதை வைத்துக் கும்பிட, இவர்கள் வரப்போவதை வைத்துக் கும்பிட்டார்கள். நடந்த பிழை அவ்வளவே. மறுநாள் விடிந்தபோது, ஷெட்டில் நின்ற வண்டி கேட்லாகில் இருந்த வண்டியாக இருந்தது.

மாசானம் வந்து, வண்டிக்கு மூக்கு மாறியிருக்கிறது என்று முதலாளியிடம் தெரிவித்தார். ஹார்ன் அதேதானா என்று பிள்ளை கேட்டார். அதேதான் என்றதும் காப்பியைக் குடித்து முடித்தார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், கேட்லாக் வர, பூஜையில் வைக்க, வண்டி மாற, நெற்கதிர் முற்றுவதைப் போலவும் மலையில் சாரல் இறங்குவதைப் போலவும் அது ஊரின் பருவங்களுள் ஒன்றாயிற்று. முதல் மாற்றத்தில், வண்டி திரும்பும்போது பின்விளக்கு விட்டுவிட்டு எரியும் வசதி வந்து சேர்ந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள், பிள்ளைவாளின் வண்டி போகும்போதெல்லாம் கண்ணடிக்கிறது என்று கிராம முன்சீப்பிடம் முறையிட்டார்கள். முன்சீப் இரு தரப்பையும் விசாரித்து, ஊருக்குள் மாசானம் கையை நீட்டித் திரும்ப வேண்டும், கண்ணடிப்பதை ஊர் எல்லைக்கு அப்பால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார். வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர், பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டியும் எதிரே நிற்கும் வண்டியும் வேறு என்று முதலாண்டு நான்கு பக்கம் எழுதினார், இரண்டாமாண்டு ஒரு பக்கம் எழுதினார், மூன்றாமாண்டு 'வண்டி அதுவே' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தார். யுத்தம் வந்து, அமெரிக்காவில் கம்பெனி வண்டி செய்வதை நிறுத்தி டாங்கிக்கு எஞ்சின் செய்யப் போய்விட்டதால், மூன்று ஆண்டுகள் கேட்லாக் வரவில்லை. உண்ணாமலை நாற்பத்திரண்டின் கேட்லாகையே திரும்பத் திரும்ப வைத்தார். வண்டியும் மாறாமல் நின்றது. அக்காலத்தில் ஊரார் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் வண்டியின் நலம் விசாரித்தார்கள், பிறகே யுத்தத்தை விசாரித்தார்கள்.

நாற்பத்தொன்பதின் வண்டிக்கு இரு விலாவிலும் மும்மூன்று துளைகள் வந்தன. அவை காற்றுக்கு என்று கேட்லாகில் எழுதியிருந்தது; ஊதுபத்திக்கு என்று ஊரார் புரிந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆறு துளைகளிலும் பத்தி புகைய, வண்டி தேர்வீதியில் மணத்துக்கொண்டு போகும். அதே ஆண்டு கிளட்ச் மறைந்துபோக, வேலையிழந்த தம் இடதுகாலை மாசானம் வெற்றிலைப்பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். கால் ஒன்றுக்குத்தான் வேலை என்பதால் சம்பளம் பாதியாகிவிடுமோ என்று ஓராண்டு அஞ்சினார். ஐம்பதில் வண்டிக்குப் பல் முளைத்தது. முன்புறத்தில் பம்பர்வரை இறங்கிய பெரிய வெள்ளிப் பற்கள். மாசானம் நாள்தோறும் பல்பொடி வைத்து அவற்றைத் துலக்கினார். அவர் வண்டிக்குத் துலக்கும் கவனத்தில் பாதியைத் தமக்குச் செலவிட்டிருந்தால் மூன்று பல்லை இழந்திருக்க மாட்டார் என்று அவர் மனைவி சொன்னதாகத் தெரிகிறது.

வண்டி வளர்ந்தது. ஓராண்டு ஒரு விரற்கடை, ஓராண்டு ஒரு சாண். ஷெட்டை முன்னால் நீட்டினால் ஆனித்தேர் திரும்பாது. ஆகவே பிள்ளை ஷெட்டின் பின்பகுதியைச் சிறிது சிறிதாக உடைத்து நீட்டி, குற்றாலிங்கத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றார். 1957ஆம் ஆண்டு, ஐம்பத்தெட்டின் கேட்லாகை வைத்த ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்தபோது, முன்முகத்தில் நூற்றறுபது வெள்ளிக் கட்டங்களோடும் பத்தொன்பது அடி நீளத்தோடும் நின்ற வண்டியின் வால் சுவரைத் துளைத்து, அப்பால் குற்றாலிங்கத்தின் அடுக்களை வாசலில் இரண்டடி நீண்டிருந்தது. செங்கற்கள் அதன் இடுப்பைக் கவ்விக்கொண்டிருந்தன. வண்டியை முன்னால் எடுத்தால் சுவரும் கூடவே வரும், சுவர் குற்றாலிங்கத்துடையது, அவரைக் கேட்க வேண்டும், கேட்பதற்குப் பேச வேண்டும். ஆகவே வண்டி அங்கேயே நின்றது. ஏலமூட்டைகள் மாட்டுவண்டியில் ஏறின.

நின்ற வண்டியை ஊர் கைவிடவில்லை. செவ்வாய்தோறும் பெண்கள் வந்து நூற்றறுபது கட்டங்களுக்கும் குங்குமம் வைத்தார்கள். ஒன்றரை நாழிகை பிடித்தது. மாசானம் காலையில் வந்து எஞ்சினை ஓடவிடுவார். சுவருக்கு அப்பால் புகைக்குழாயின் சூட்டில் குற்றாலிங்கத்தின் மனைவி ஆவுடையம்மாள் ஈரத்துணிகளை உலர்த்திக்கொள்வார். டிக்கியின் மூடிமேல் கூழ்வற்றல் காய்ந்தது. ஒருவர் வண்டியின் மேல் மற்றவர் வற்றல் காய்வதை இரு வீட்டாரும் அறிந்திருந்தார்கள்.

வண்டி சுவரில் சிக்கிய ஆறாம் நாளே ஒன்று நிகழ்ந்திருந்தது. பூஜைக்கு முன் டிக்கியில் வைத்த ஒரு சிப்பம் ஏலம் அதற்குள்ளேயே இருந்தது. டிக்கியோ இப்போது குற்றாலிங்கத்தின் வீட்டில் திறந்தது. வேறு வழியின்றி உண்ணாமலை வண்டிக்குள் ஏறி, பின்னிருக்கையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, உள்வழியாகக் கையை விட்டார். அதே வேளையில், ஐந்து நாளாக வீட்டை நிறைத்த மணத்தைப் பொறுக்க மாட்டாமல், ஆவுடையம்மாள் வெளியிலிருந்து டிக்கியைத் திறந்தார். ஒரு சிப்பம் ஏலத்துக்கு இருபுறமும் நாத்தனாரும் மதினியுமாக, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உண்ணாமலை உள்ளே போய், அன்று வைத்திருந்த தேங்காய்ப்பால் சொதியில் ஒரு தூக்குவாளி கொண்டுவந்து, பியூக்கின் வயிற்றின் வழியே தள்ளினார்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக்கொடுப்பது அப்பக்கத்தில் வழக்கமில்லை. மறுநாள் தூக்குவாளியில் நான்கு எலுமிச்சம்பழம் வந்தது. எலுமிச்சம்பழம் வந்த வாளியில் ஊறுகாய் போயிற்று. ஊறுகாய் போன வாளியில் முருங்கைக்கீரை வந்தது. ஆடவர் இருவரும் பேசாதிருக்க, அந்த ஓராண்டில் அந்த வண்டி ஓரடியும் நகராமல், மலைக்கு ஏலம் ஏற்றப் போனதைவிட அதிக நடை போய்வந்தது. ஒருநாள் குற்றாலிங்கம், சாம்பாரில் உப்பு மட்டு என்று, டிக்கியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தம் மனைவியிடம் சொன்னார். மறுநாள் உப்பு சரியாக இருந்தது.

அடுத்து வந்த ஆவணியில் பிள்ளையின் ஒரே மகள் வடிவுக்குக் கல்லிடைக்குறிச்சியில் சம்பந்தம் பேசி, தை மாதம் நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். தாய்மாமன் கைபிடித்து மணையில் உட்கார்த்தாத பெண்ணை அவர்கள் வீட்டில் எடுப்பதில்லை. வடிவுக்கு இருந்த ஒரே தாய்மாமன் சுவருக்கு அப்பால் இருந்தார். உண்ணாமலை டிக்கி வழியாகத் தம்பியிடம் கேட்டார். அவர் சொன்ன மறுமொழியை மாடக்கண்ணு அட்சரம் பிசகாமல் வைத்திருந்தார்: "எனக்கு நடக்கத் தெரியாம இல்லக்கா. இருபது வருஷத்துக்கு முன்னாலயே நடந்து காமிச்சாச்சு. முன் சீட்டுல ஏத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, வாரேன்."

பிள்ளையிடம் அது சேர்ப்பிக்கப்பட்டது. வண்டியில் கால்வாசி அவன் அடுக்களையில் கிடக்கிறது, அதில் அவனை எங்கே ஏற்ற, எங்கே ஓட்ட என்று அவர் கேட்டார். மைத்துனர் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, வண்டி ஓடாவிட்டால் மைத்துனர் இல்லை, சுவர் விடாவிட்டால் வண்டி ஓடாது.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது மாடக்கண்ணு ஐம்பத்தொன்பதின் கேட்லாகைக் கொண்டுவந்தார். பிள்ளை அவர் முன்னிலையிலேயே பிரித்தார். அந்த ஆண்டு வண்டிக்குப் பின்புறம் இரண்டு இறக்கைகள். பருந்து தரையில் இறங்கும் நேரத்தில் விரிப்பதைப் போல் இருபுறமும் சாய்ந்து விரிந்திருந்தன. படத்துக்குக் கீழே போட்டிருந்த அளவுகளைப் படித்து, மாசானம் கயிறு பிடித்துப் பார்த்தார். வலப்பக்க இறக்கை, குற்றாலிங்கத்தின் அடுக்களை உத்திரத்தைத் தாங்கும் கல்தூணை அறுத்துவிடும். பழைய கேட்லாகை வைத்தால் வண்டி இன்னும் ஓராண்டு சுவரிலேயே நிற்கும். புதியதை வைத்தால் அடுக்களை விழும். வேறொரு வழி இருப்பதை யாரும் நினைக்கவில்லை. இருபது ஆண்டுகளாக ஊருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த வண்டி பின்னால் போகும் என்று எவர் நினைப்பார்?

பூஜையன்று பிற்பகல் பிள்ளை தனியே போய் வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். பின்னிருக்கை பெயர்க்கப்பட்டு, டிக்கியும் திறந்திருந்ததால், அடுத்த வீட்டின் பேச்சு அவர் காதுக்குள்ளேயே கேட்டது. கேட்லாகில் என்ன வந்திருக்கிறது என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. குற்றாலிங்கம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்தூணைப் பேத்துருவோம். அடுப்பை முன்கட்டுக்கு மாத்திக்கிடு. றெக்கை வரட்டும். வடிவு கல்யாணத்துல, வண்டி போன வருஷத்து வண்டிதானேன்னு ஒருத்தன் சொல்லிரப்படாது."

"உத்திரம் எறங்குச்சுன்னா?"

"எறங்குனா ஒத்தக் கையில தாங்கிக்கிடுதேன். பூசணிக்காய் தாங்கின கைதானே."

பிள்ளை விளக்கு வைக்கும் வேளைவரை இறங்கவில்லை. பிறகு வீட்டுக்குள் போய், பழைய கேட்லாகுகளை அடுக்கி வைத்திருந்த தகரப்பெட்டியைத் திறந்து, ஆக அடியில், வண்டி வாங்கும்போது ஏஜெண்டு அனுப்பிய, ராமபாணப் பூச்சி அரித்துக் கிடந்த முப்பத்தெட்டின் கேட்லாகை எடுத்து, தம் கையாலேயே சரஸ்வதி படத்தின் முன் வைத்தார்.

விடிந்தபோது ஷெட் காலியாக இருந்தது. சுவரில், ஐம்பத்தெட்டின் வால் இருந்த அகலத்துக்கு, ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியே பிள்ளை பார்த்தார். கல்தூண் நின்றது, உத்திரம் நின்றது. அப்பால், புன்னைமரத்தடியில், 1938ஆம் ஆண்டு ஆனி மாதம் முதன்முதலாக நிறுத்தப்பட்ட அதே இடத்தில், ஏறி நிற்கும் பலகையோடும், முகப்பில் வாடாத சம்பங்கி மாலையோடும், கறுப்புப் பியூக் நின்றது. வண்டி தன் முதல் நாளுக்குப் போயிருந்தது. முதல் நாள் எங்கே நின்றதோ அங்கே போயிருந்தது. குற்றாலிங்கம் வாயில் வேப்பங்குச்சியோடு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓட்டையில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அத்தான், உங்க வண்டி எங்க வீட்டுல நிக்கு."

"அது நின்ன எடந்தானே, மாப்ள."

"வெளியே எப்படி வரும்? எங்க வாசல்ல சைக்கிள்தான் நுழையும். இந்தப் பக்கம் சுவரு இருக்கு."

"சுவரு ஒன்னோடதுதானே."

குற்றாலிங்கம் குச்சியைத் துப்பினார்.

"முன் சீட்டு?"

"ஏறு."

"தாசில்தாரு?"

"அவரு செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு."

"இருந்திருந்தா?"

பிள்ளை யோசித்தார். "பின்னால ஏத்தியிருப்பேன்" என்றார்.

"பூசணிக்காய்?"

"ரெண்டு இருக்கு. நான் தூக்கிட்டு வாரேன்."

ஒரு வாரத்தில் எழும்பிய சுவர் அன்று உச்சிப்பொழுதுக்குள் இறங்கியது. கடப்பாரையைக் குற்றாலிங்கமே பிடித்தார்; வேறு ஒருவரையும் தொடவிடவில்லை. அந்தச் செங்கற்களில்தான் தை மாதம் கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பு போட்டார்கள். பிறகு, கரை வேட்டி கட்டி வந்து, பலகையில் ஒரு கால் வைத்து, ஊரைத் திரும்பிப் பார்த்து, முன்னிருக்கையில் ஏறினார். இருபது ஆண்டுகளாக ஏலம் ஏற்றிய வண்டிக்குள் ஏல வாசம் சிறிதும் இல்லை, புதுத்தோல் வாசம் மட்டுமே இருந்தது. கிளட்ச் திரும்பி வந்திருந்தது. ஆனால் மாசானத்தின் இடதுகால் அதை மறந்துபோயிருந்தது. ஆகவே வண்டி குதிரை மிரண்டதைப் போல் குதித்துக் குதித்துப் போயிற்று. பின்னால், அது கிளப்பிய புழுதியில், ஏல வியாபாரி திருமலைக்கொழுந்து பிள்ளை கைக்கொன்றாக இரண்டு பூசணிக்காய்களைச் சுமந்துகொண்டு நடந்தார். வீதியில் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. குழாயடியில் மாசானம் கையை நீட்டித் திருப்பியபோது, பெண்கள், வண்டிக்கு வயதாகிவிட்டது, கண்ணடிப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள். கோயில் வாசல் வந்ததும் குற்றாலிங்கம், இன்னொரு சுற்று போ என்றார். அடுத்த சுற்றிலும் அதையே சொன்னார். மூன்றாம் சுற்றில் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். அத்தான் பூசணிக்காய்களை இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்தங்கி வந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஆளுக்கொன்றாக உடைத்தார்கள்.

தை மாதம் வடிவின் கையைப் பிடித்து மணையில் உட்கார்த்தியவர் குற்றாலிங்கம். கேட்லாகுகள் அதன்பின்னும் ஆண்டுதோறும் வந்தன, மாடக்கண்ணுவும் கொண்டுபோய்க் கொடுத்தார். பூஜையில் உண்ணாமலை சாவியை வைத்தார். வண்டி மாறவில்லை.

மாடக்கண்ணு பாடம் இவ்வாறு முடிகிறது. மாசானத்தின் தங்கை வழியினர் சொல்வது வேறு: அன்று வைக்கப்பட்டது ஐம்பத்தொன்பதின் கேட்லாகே; இறக்கை விரிந்து தூணை அறுக்க, குற்றாலிங்கம் ஒரு கையால் உத்திரத்தைத் தாங்கிக்கொண்டே மறு கையால் வடிவை மணையில் உட்கார்த்தினார்; அதனால்தான் கல்யாணம் அடுக்களையில் நடந்தது. கல்லிடைக்குறிச்சியில் வழங்கும் பாடத்தில் குற்றாலிங்கம் முன்னிருக்கையை விட்டு இறங்கவே இல்லை. மணவறையை வண்டியின் அருகில் பெயர்த்துக் கொண்டுபோக நேர்ந்ததாக மாப்பிள்ளை வீட்டார் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

வடகரைநல்லூர்ப் பெண்கள் சொல்லும் பாடம் சிறியது. பிள்ளை கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார், ஆனாலும் மனம் வராமல் இறக்கை வண்டியின் கேட்லாகையே பூஜையில் வைத்தார் என்கிறது அது. அவர் உறங்கிய பின் உண்ணாமலை அதை எடுத்துவிட்டு முப்பத்தெட்டினுடையதை வைத்தாராம். எடுத்ததைத் தூக்குவாளியில் சுருட்டிப் போட்டு டிக்கி வழியே தள்ளிவிட்டாராம். இறக்கும்வரை பிள்ளை, தாமே விட்டுக்கொடுத்ததாக ஊரார் சொல்லக் கேட்டு, மறுக்காமல் இருந்தாராம். 1984இல் குற்றாலிங்கத்தின் வீட்டுக்குச் சென்று இதைப் பற்றி விசாரித்தேன். ஆவுடையம்மாளின் மருமகள் அடுக்களைக்கு அழைத்துப் போய், கல்தூண் ஓரத்தில் இருந்த உப்புஜாடியைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் வழவழப்பான பழைய காகிதம் ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உப்பு தின்றதுபோக எஞ்சிய பகுதியில் விரிந்த இறக்கை ஒன்று தெரிந்தது. வண்டியினுடையதா, பறவையினுடையதா என்று உறுதி செய்ய இயலவில்லை.